முட்டை ஓடும் பற்கறையும்



இந்த மாதம் முட்டை ஓட்டைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். சிரிக்க வேண்டாம். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 44-இல் சூளகிரியைத் தாண்டிப் போகிறவர்களுக்குத் தெரியும்: லாரி நிற்கிற இடமெல்லாம் ஒரு தள்ளுவண்டி, அதில் ஒரு தோசைக்கல், பக்கத்தில் அடுக்கடுக்காக முட்டை அட்டைகள். நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கும், கொத்தமல்லிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வருகிறவர்களுக்கும் விடியற்காலையிலேயே அந்தக் கல் சூடாக இருக்கும். வண்டிக்கு அடியில் ஒரு வாளி. அது நிறைந்ததும் சாலையோரப் பள்ளத்தில் கவிழும். சத்துணவுக் கூடங்களின் பின்பக்கமும் அதே வெள்ளைக் குவியல்தான்.

ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் செய்யும் அம்மாவிடம், "இந்த ஓட்டையெல்லாம் என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டேன். "ரோஜாச் செடிக்குப் போட்டா மொட்டு நல்லா வரும் சார். மிச்சத்தை எறும்பு பாத்துக்கும்" என்றார். தோட்டத்தில் ரோஜா நன்றாகத்தான் பூத்திருந்தது. ஆனால் எறும்புக்கு விட்டது போக, அந்த ஓட்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

100 பிள்ளைகள் சாப்பிடுகிற பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை, வாரத்துக்கு 500. ஓடு ஒன்று ஐந்து கிராம் என்றாலும் இரண்டரைக் கிலோ. நாடு முழுக்கப் பார்த்தால் 2023-24-இல் இந்தியாவில் உற்பத்தியான முட்டைகள் 14,200 கோடிக்கு மேல். அதே ஐந்து கிராம் கணக்கில் ஓடு மட்டும் ஏழு லட்சம் டன். இதில் சுமார் 94 விழுக்காடு கால்சியம் கார்பனேட். நம் பாட்டிமார் வெற்றிலைக்கு வைத்த சுண்ணாம்பும், செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்ப்பூச்சும் எந்தப் பொருளிலிருந்து தொடங்கியதோ அதே பொருள்.

இந்த ஓடு எப்படி வருகிறது என்பது தனிக் கதை. முட்டைக்கோழித் தீவனத்தில் நாலு விழுக்காட்டை ஒட்டிக் கால்சியம் வேண்டும். அதற்காகக் கல் குருணையும் கிளிஞ்சலும் கலக்கிறார்கள். ஒரு முட்டைக்கு ஓடு கட்டி முடிக்கக் கோழிக்கு 20 மணி நேரத்தை ஒட்டி ஆகிறது, பெரும்பகுதி நாம் தூங்குகிற நேரத்தில். கடலோரத்துச் சிப்பி நாமக்கல் கோழிப்பண்ணைக்குப் போய், கோழியின் வயிற்றில் ஓடாகி, லாரியில் சூளகிரிக்கு வந்து பள்ளத்தில் விழுகிறது. இத்தனை தூரம் வந்த பொருளை ஒரு வாளியோடு முடித்துவிடுகிறோம்.

ஓட்டிலிருந்து மதிப்புள்ள பொருள் எடுக்கலாம் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. மெக்சிகோவில் ரிவேராவும் அவருடைய குழுவினரும் 1999-லேயே முட்டை ஓட்டிலிருந்து ஹைட்ராக்சி அபடைட் செய்து காட்டினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பிரபாகரன், பாலமுருகன், ராஜேஸ்வரி ஆகியோர் 2005-இல் அதே வேலையைச் செய்து கட்டுரை எழுதினார்கள். 2007-இல் சென்னை ஐஐடியில் சம்பத்குமார் குழுவினர் மைக்ரோவேவ் கதிர் கொண்டு நானோ அளவிலேயே அதை எடுத்தார்கள். ஹைட்ராக்சி அபடைட் என்ற பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு தாது. நம் எலும்பின் உறுதிக்கும் பல் எனாமலின் கடினத்துக்கும் காரணம் அதுதான். இனி அபடைட் என்றே சொல்கிறேன்.

செய்கிற விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஓட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்து, உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரிக்க வேண்டும். வேலையில் பாதி இந்தச் சவ்வுதான். பிறகு காயவைத்து உலையில் ஏற்றினால், முதலில் ஓடு கன்னங்கரேல் என்று ஆகும். ஒட்டியிருந்த புரதம் கருகுகிறது. வெப்பம் 900 டிகிரி செல்சியஸை நெருங்கி அங்கேயே சில மணி நேரம் நின்றால் கருப்பு போய்ச் சுத்த வெள்ளையாகும். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டை உள்ளே வைத்தால் 56 கிராம்தான் திரும்பி வரும். மீதி 44 கிராம் கரியமில வாயுவாகப் போய்விடும். கையில் இருப்பது சுட்ட சுண்ணாம்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சீறும், சூடாகும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பதால் வீட்டில் யாரும் முயல வேண்டாம். அதைத் தண்ணீரில் நீற்றி, அந்த நீற்றிய சுண்ணாம்பில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குவார்கள். காரத்தன்மை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் வேறு ஏதோ பாஸ்பேட் வந்து நிற்கும். கலவை பால் போல ஆகும். அதை ஓர் இரவு அப்படியே விட்டு, வடிகட்டி, கழுவி, உலர்த்தினால் மாவு.

இதில் எனக்குப் பிடித்தது எடைக் கணக்கு. உலையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் போன எடை பாஸ்பேட் சேர்ந்ததும் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு கிலோ கால்சியம் கார்பனேட்டுக்குக் கணக்குப்படி ஏறக்குறைய ஒரு கிலோ அபடைட். ஆனால் அதற்கு அரைக் கிலோவுக்கு மேல் பாஸ்பாரிக் அமிலம் வாங்கியாக வேண்டும். ஓடு இலவசம், அமிலம் இலவசம் இல்லை. "குப்பையிலிருந்து கோடி" என்று வீடியோ போடுகிறவர்கள் இந்த இரண்டாம் வரியைச் சொல்வதே கிடையாது.

நானோ என்றால் என்ன பிரமாதம் என்று கேட்பீர்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டி ஒன்றின் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே பத்து நானோமீட்டர் பக்கமுள்ள துணுக்குகளாக உடைத்துவிட்டால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர். ஓசூர்ப் பக்கத்து நில விலை தெரிந்தவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், சுண்டு விரல் நுனியில் வைக்கிற ஒரு கட்டிக்குள் கிட்டத்தட்ட 15 சென்ட் மனை. பொருள் கூடவில்லை, பிற பொருள்கள் வந்து ஒட்ட இடம்தான் கூடியிருக்கிறது.

யார் வந்து ஒட்டுவார்கள்? நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை பதில் ஃபுளோரைடு.

தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வரி வரியாகப் பழுப்பேறிய பற்களோடு வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. கல்யாணப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டு சிரித்த பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குடிநீரிலுள்ள ஃபுளோரைடால் வரும் இந்த நோயை இந்தியாவில் முதலில் பதிவு செய்தது 1937-இல். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், ஷார்ட் என்ற ஆங்கில மருத்துவரின் குழு. இன்றைய இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லை என்றால் 1.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தால் முதலில் பல், பிறகு எலும்பு, மூட்டு.

நம் ஊர்ப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த தாதுகள் உண்டு. போர்வெல் ஆழம் போகப் போகத் தண்ணீர் அந்தப் பாறையோடு நெடுங்காலம் கிடக்கிறது. அதிலும் கால்சியம் குறைவான தண்ணீரில்தான் ஃபுளோரைடு ஏறுகிறது. கால்சியம் போதுமான அளவு இருந்தால் இரண்டும் சேர்ந்து வண்டலாகப் படிந்துவிடும். தண்ணீருக்கு எது குறைச்சலோ அது ஆம்லெட் வண்டிக்கு அடியில் குவிந்து கிடக்கிறது.

உடனே யாரும் குடத்தில் ஓட்டை நொறுக்கிப் போட்டுவிட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு யோசனை வந்தால் நம்பவும் வேண்டாம். வெறும் சுண்ணாம்பால் ஃபுளோரைடை லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவுக்குக் கீழே இறக்குவதே சிரமம். நம் கிணறுகளில் தொல்லை தருவதோ அதைவிடக் குறைந்த அளவுகள். அங்கேதான் அபடைட்டின் பங்கு வருகிறது. அதன் அமைப்பில் உட்கார்ந்திருக்கும் ஹைட்ராக்சைடை எழுப்பிவிட்டு ஃபுளோரைடு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் ஃபுளோரைடு போய்ச் சேர்வதும் இதே வழியில்தான், ஏனென்றால் அவையும் அபடைட். சுருக்கமாகச் சொன்னால், பிள்ளையின் எலும்பைத் தேடிப் போகிற ஃபுளோரைடுக்கு வழியிலேயே ஒரு பொய் எலும்பைக் காட்டி நிறுத்தி வைக்கிறோம். எனாமல் உருவாகிற எட்டு வயதுக்குள்தான் பற்கறைக்கான சேதம் நடக்கிறது என்பதால் இது சத்துணவு வயதுப் பிள்ளைகளின் பிரச்சினை. முட்டையைச் சாப்பிடுகிற அதே பிள்ளைகள்.

இந்த வேலை திண்டுக்கல் காந்திகிராமத்தில் நடந்திருக்கிறது. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தின் மீனாட்சி, விஸ்வநாதன் ஆகியோரும் அவர்களோடு சாய்ராம் சுந்தரமும் சேர்ந்து 2008-இல் நானோ அபடைட் ஃபுளோரைடை எப்படிப் பிடிக்கிறது என்று விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ரசாயனத்திலிருந்து செய்த அபடைட். முட்டை ஓட்டிலிருந்து வந்தது அல்ல. ஆனால் அடுத்த அடியாக அவர்கள் செய்ததுதான் முக்கியம். மாவு மாவாகத் தண்ணீரில் போட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மாவு தண்ணீரோடு டம்ளருக்கும் வரும். அதனால் கைட்டோசானோடு அதைச் சேர்த்துக் கலப்புப் பொருளாக்கினார்கள். கைட்டோசான் எதிலிருந்து வருகிறது என்றால் இறால், நண்டு ஓட்டிலிருந்து. அதுவும் ஒரு குப்பைதான். கிண்டியிலும் ஐஐடியிலும் ஓடு அபடைட் ஆயிற்று. காந்திகிராமத்தில் அபடைட் ஃபுளோரைடைப் பிடித்தது. இரண்டையும் ஒன்றாக்கி, ஓட்டு அபடைட்டைக் கொண்டே ஃபுளோரைடு நீக்கும் சோதனைகளும் ஆய்விதழ்களில் வந்துவிட்டன. ஆய்விதழைத் தாண்டி ஒரு பள்ளியின் தண்ணீர்க் குழாய் வரை அது வராததுதான் என் ஆதங்கம்.

ஒகேனக்கல் தண்ணீர் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். நியாயம். ஜப்பான் நிதியுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதையே பெயரில் வைத்துக்கொண்டு வந்த திட்டம் அது. 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. அது வந்ததால் இரண்டு மாவட்டங்களில் நடந்த நன்மை பெரியது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆற்று நீரைக் கொண்டு வருவதுதான் முதல் தீர்வு. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் எல்லோரும் போர்வெல் மோட்டாரைத்தான் போடுகிறோம். மலையடிவாரத்து ஒற்றை வீட்டுக்கும், தோட்டத்துக் கொட்டகைக்கும், செங்கல் சூளைக் குடிசைக்கும் அதுதான் தினசரித் தண்ணீர். அந்த இடங்களுக்குச் சின்னதாக ஒரு வடிகட்டி வேண்டும்.

வேறு முறைகள் இல்லாமலும் இல்லை. நாக்பூரின் நீரி நிறுவனம் எழுபதுகளில் நல்கொண்டா முறையைக் கொடுத்தது. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவைப்பது. மலிவுதான், ஆனால் அளவு தவறினால் அலுமினியம் தண்ணீரில் தங்கும், சேறும் சேரும். கென்யாவிலும் தான்சானியாவிலும் மாட்டெலும்பைக் கரியாக்கிப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் அபடைட்தான், நன்றாகவே வேலை செய்கிறது. நம் ஊரில் எலும்புக் கரியில் வடிகட்டிய தண்ணீர் என்று சொன்னால் பாதி வீடுகளில் சொம்பைத் தொட மாட்டார்கள். முட்டை ஓட்டுக்கும் சில வீடுகளில் முகம் சுளிக்கும். அவர்களுக்குக் கிளிஞ்சல் என்று மாற்றிப் பார்க்கலாமா என்றால், அங்கேயும் உள்ளே ஓர் உயிர் இருந்ததே என்பார்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

ஓட்டைச் சுடுவது நமக்குப் புதிதும் அல்ல. சித்த மருத்துவத்தில் சங்கையும் சிப்பியையும் முட்டை ஓட்டையும் புடமிட்டுப் பற்பமாக்கும் முறை காலங்காலமாக உண்டு. வறட்டி அடுக்கி, மண்சீலை செய்து, தீயின் அளவைக் கண்ணாலேயே கணித்த கைப்பழக்கம் அது. அந்த மருந்தை மதிக்கிறேன். அதற்காக அன்றே நமக்கு நானோ தெரியும் என்று மேடையில் கை தட்டல் வாங்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. தீயை ஆளத் தெரிந்திருந்தது என்று சொன்னாலே போதுமான பெருமை.

தீயை ஆள்வதில் இன்றைய ஓசூருக்கும் குறைவில்லை. சிப்காட்டில் கியர், ஷாஃப்ட் செய்யும் பட்டறைகளுக்குப் பக்கத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் கூடங்கள் உண்டு. இரும்பின் மேல்தோலைக் கெட்டிப்படுத்த அவர்கள் தினமும் வைக்கிற வெப்பமும் இதே 900 டிகிரியைச் சுற்றித்தான். பத்து டிகிரி முன்னே பின்னே போனால் பாகம் ரிஜெக்ட் ஆகும் என்று தெரிந்து வேலை செய்கிறவர்கள் அவர்கள். அவர்களுடைய உலையிலேயே ஓட்டைக் கொட்டச் சொல்லவில்லை. எண்ணெயும் இரும்புத் தூசியும் பட்ட பொருளைக் குடிநீருக்கு வைக்க முடியாது. தனி உலை வேண்டும். ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவர்களைத் தேடி வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. மத்திகிரியில் கோழியின உற்பத்திக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. வருடா வருடம் மாணவர்கள் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறார்கள்.

எனக்குத் தெரிந்து கடினமான இடம் ஆய்வுக்கூடம் இல்லை, வாளிதான். ஈரோடு, நாமக்கல் பக்கம் முட்டையை உடைத்துத் தூளாக்கும் ஆலைகளில் ஓடு ஒரே இடத்தில் டன் கணக்கில் விழுகிறது. அங்கே சேகரிப்புச் செலவு இல்லை. ஆம்லெட் வண்டி வாளியிலோ வெங்காயத் தோலும் டீ கப்பும் கலந்துவிடும். சத்துணவு முட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: வெந்த ஓடு, ஒரே இடம், ஒரே நேரம், வேறு குப்பை கலக்காது. வேகவைத்து உரித்ததால் கிருமிப் பயமும் குறைவு. ஒரு சாக்கு வைத்தால் போதும். வாரம் ஒரு முறை, முட்டை இறக்க வருகிற வண்டியிலேயே அது திரும்பிப் போகலாம்.

விலை விஷயத்தில் ஏமாறவும் கூடாது. சுண்ணாம்புக்கல் அரியலூரிலும் டால்மியாபுரத்திலும் மலை மலையாகக் கிடக்கிறது. வெறும் கால்சியம் கார்பனேட் பவுடராக விற்கப் போனால் முட்டை ஓடு அதனோடு போட்டி போட முடியாது. ஜப்பானில் பள்ளிச் சாக்பீஸில் ஸ்காலப் சிப்பி ஓட்டுத் தூளைக் கலக்கிறார்கள் என்றால், அங்கே அந்த ஓட்டைக் கொட்டவே இடம் இல்லை என்ற நெருக்கடி உண்டு. நமக்கு லாபம் அபடைட்டில்தான். எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சையிலும் பல் மருத்துவத்திலும் அதற்கு நல்ல விலை. ஆனால் அந்தத் தரத்தை எட்டுவது எளிதல்ல, அது பெரிய நிறுவனங்களின் ஆட்டம். குடிநீர் வடிகட்டி நடுத்தரமான வேலை. அதிலும் வடிகட்டி நிறைந்த பிறகு அந்த மாவை எங்கே போடுவது என்பதற்கு முதலிலேயே விடை வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்து வைத்த ஃபுளோரைடை மறுபடி ஏரிக்கரையில் கொட்டினால் பாடுபட்டது வீண்.

விவசாயிகள் கோபித்துக்கொள்ளும் முன் அவர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. தக்காளிக் காயின் அடிப்பக்கம் கருத்து, தோல்போலக் குழிந்து போவதை ராயக்கோட்டை, சூளகிரித் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததுதான் காரணம். பெரும்பாலும் மண்ணில் இல்லாமல் அல்ல, தண்ணீர் விடுவது ஏறுமாறாக இருப்பதால். இயற்கை விவசாயிகள் எலுமிச்சைச் சாற்றில் முட்டையைப் பத்து நாள் ஊறவைத்து, வெல்லம் கலந்து மறுபடி ஊறவிட்டு ஒரு கரைசல் தெளிக்கிறார்களே, அதில் ஓடு நுரைத்துக் கரைவதைப் பார்த்திருந்தால் கால்சியத்தை எப்படி வெளியே எடுப்பது என்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். அபடைட்டுக்கும் வயலில் வேலை உண்டு. 2017-இல் இலங்கையின் ஸ்லின்டெக் ஆய்வுக்கூடத்தார் நானோ அபடைட்டில் யூரியாவை ஏற்றி, அது மெதுவாக நைட்ரஜனை விடும்படி செய்து, நெல் வயலில் வழக்கமான யூரியாவில் பாதி அளவோடு சோதித்து எழுதினார்கள். பாஸ்பேட்டும் கால்சியமும் வயலுக்கே போவதால், வடிகட்டியைப் போல மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழாது. அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடும் எண்ணம் இருக்கிறது.

அதுவரை வாசகர்களிடம் இரண்டு வேலை ஒப்படைக்கிறேன். முதலாவது, உங்கள் வீட்டு, தோட்டத்து போர்வெல் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். பல ஊராட்சிகளில் களச் சோதனைப் பெட்டி இருக்கிறது; சோதனைக் குழாயில் தண்ணீரை ஊற்றி மருந்தை விட்டு நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டால் ஃபுளோரைடு அளவு ஓரளவு தெரிந்துவிடும். 1.5-க்கு மேல் வந்தால் குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள், சமையலுக்கும் வேண்டாம். காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் சுண்டுமே தவிர ஃபுளோரைடு சுண்டாது.

இரண்டாவது, உங்கள் ஊர்ப் பள்ளியில் வாரத்துக்கு எத்தனை முட்டை வேகிறது, ஓடு எங்கே போகிறது என்று கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பெயர், போர்வெல் ஆழம், சோதனையில் வந்த அளவு, முட்டை எண்ணிக்கை, இந்த நான்கும் ஓர் அஞ்சலட்டையில் அடங்கும். தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதினாலும் பரவாயில்லை, எங்கள் அலுவலகத்தில் மூன்று மொழியும் படிக்க ஆள் இருக்கிறது. வருகிற விவரங்களை ஒன்றியவாரியாக அட்டவணை போட்டு வெளியிடுகிறோம். மத்திகிரிக்கும் பர்கூருக்கும் ஆளுக்கொரு படி அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்